பில்லில் குறைத்தால்தான் குறைப்பு: மாம்பலத்தில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிய கதை

இந்தப் பொங்கலுக்கு மேற்கு மாம்பலம் போனபோது அம்மாவின் ஃபிரிட்ஜ் ராத்திரியெல்லாம் தண்ணி லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷப் பழசு. மூன்று வார லீவுக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

தள்ளுபடி பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கூப்பன் வெட்டியே காலம் தள்ளியவள். அட்டைப்பெட்டியில் பார்கோடைக் கத்தரித்து, பில்லோடு உறையில் போட்டு அனுப்பிவிட்டு, ரிபேட்டுக்காக, அதாவது விலையில் ஒரு பங்கு திரும்பி வருவதற்காக, இரண்டு மாதம் காத்திருப்பேன். வீட்டுச் சாமான் விற்கும் மெனார்ட்ஸ் கடையில் 11 சதவீத ரிபேட் ஓடும் வாரம்தான் பல்புகூட வாங்குவேன். அனுப்ப மறப்பவர்களை நம்பித்தான் இந்த ரிபேட் வியாபாரமே. நான் மறப்பதில்லை.

தி.நகரில் அந்தக் கர்வம் அரை மணி நேரம் தாங்கியது.

உஸ்மான் ரோட்டில் ஒரு கடை. "எம்.ஆர்.பி. 42,000 மேடம். பொங்கல் ஆஃபர்ல 31,500." நான் மனதுக்குள் சதவீதம் போட்டேன். அம்மா அந்த 42,000-ஐக் காதிலேயே வாங்கவில்லை. எம்.ஆர்.பி. என்பது வரியெல்லாம் சேர்த்து, இதற்கு மேல் விற்கக் கூடாது என்று பெட்டியில் அச்சடிக்கும் உச்ச விலை. கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். யாருமே கொடுக்காத விலையிலிருந்து 25 சதவீதம் கழித்து என்ன பயன்? "தம்பி, கடைசி விலை சொல்லு. அந்தப் பக்கத்துக் கடையையும் பாத்துட்டுதான் வந்தோம்" என்றாள். பார்க்கவில்லை. 30,800 ஆனது.

அப்புறம் கார்டு. இன்ன வங்கி கிரெடிட் கார்டு என்றால் உடனடியாக 2,000 கழிவு, அதற்கு மேல் 1,500 கேஷ்பேக். என் அமெரிக்க கார்டைக் கடைக்காரர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சித்தி பையனுக்கு போன் போட்டு, அவன் கார்டு, அவன் ஓ.டி.பி. ஸ்பீக்கரில் எண்களைக் கத்தினான். பக்கத்து கவுன்ட்டருக்கும் கேட்டிருக்கும். 2,000 பில்லிலேயே இறங்கியது. கேஷ்பேக் மட்டும் 90 நாள் கழித்து அவன் கணக்கில் வருமாம்.

"தொண்ணூறு நாளா? அதுக்குள்ள அவனும் மறந்துடுவான், நீயும் மறந்துடுவே" என்றாள் அம்மா. பில்லில் குறைப்பதுதான் அவளுக்குக் குறைப்பு, மற்றதெல்லாம் வாக்குறுதி. மெனார்ட்ஸ் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

வட்டியில்லாத் தவணை என்று நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.யும் நீட்டினார்கள். வட்டியே இல்லை என்று நினைக்க வேண்டாம். வட்டிக்குச் சமமான தொகையை விலையில் முன்னாலேயே கழித்துவிட்டு, பிறகு தவணையோடு வட்டியாக வாங்குவார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., கூடவே பிராசஸிங் ஃபீ. வேண்டாமென்றேன். என் பங்குக்கு அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

உண்மையான மிச்சம் கதவில் ஒட்டியிருந்த, கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளில் இருந்தது, அதையும் அம்மாதான் கண்டுபிடித்தாள். ஸ்டாரை எண்ணுவதை விட, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அதில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். நம்மூரில் வீட்டுக் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டோடு போகாது, 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். போன கோடையில் ஏ.சி.யும் இந்த உறுமல் ஃபிரிட்ஜும் சேர்ந்து அவளை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளியிருந்தன. இரண்டு ஸ்டாரை விட்டு மூன்று ஸ்டாருக்குக் கூடுதல் பணம் கொடுக்க, பைசா பைசாவாக எண்ணும் என் அம்மா தயங்கவே இல்லை.

கடைசியாக எக்ஸ்சேஞ்ச். பழைய ஃபிரிட்ஜுக்கு 2,500 என்று பில்லில் கழித்தாயிற்று. அன்று சாயங்காலமே டெலிவரி வந்துவிட்டது. நேப்பர்வில்லில் இதற்கு ஒரு வாரம் ஆகும், பாராட்டத்தான் வேண்டும். இரண்டு பையன்கள் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்குத் தோளிலேயே ஏற்றினார்கள். ஆனால் இறக்கி வைத்ததும் பழசில் காதை வைத்துக் கேட்டு, "கம்ப்ரஸர் சத்தம் வருது, ஆயிரம் குறையும். ஆபீஸ்ல சொல்லச் சொன்னாங்க" என்றார்கள். சத்தம் வருவதால்தானே மாற்றுகிறோம்? கடைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் லைனில் இருக்கச் சொல்லி நாதஸ்வரம் வாசித்தார்கள்.

அம்மா பையன்களுக்கு மோர் கொடுத்தாள். "அவங்க மேல தப்பில்ல. பழசை விட்டுட்டுப் போகச் சொல்லு" என்றாள். கடைக்குப் போவதற்கு முந்தின நாளே பழைய சாமான் வாங்கும் காயலான் கடையில் விசாரித்து வைத்திருக்கிறாள்: 1,800. மறுநாள் காலை அவர்களுடைய மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்தது, கையில் ரொக்கம். கடைக்கு 2,500-ஐத் திருப்பிக் கட்டினோம். ஆயிரத்தை விட்டுக்கொடுத்திருந்தால் நிற்பது 1,500, இப்போது 1,800. முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். "முந்நூறு ரூபா யாரு குடுப்பா?" என்றாள்.

மளிகைக் கூப்பன்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். பாயின்ட் எல்லாம் அம்மாவின் நம்பரில் சேர்ந்திருக்கிறது. சோப்பு, ஷாம்பூ, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது எந்தக் கூப்பனையும் விடப் பெரிய கழிவு. பழைய விலை அச்சடித்த பாக்கெட்டைக் கண்டால், புது ஸ்டிக்கர் எங்கே என்று அம்மா திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

ஊர் திரும்பியதும் தபால் குவியலில் நவம்பர் மாத ரிபேட் வந்து கிடந்தது. 7 டாலர் 14 சென்ட், அதே கடையில் மட்டும் செல்லும். வீடியோ காலில் காட்டினேன்.

"பணமா குடுக்க மாட்டானா?"

"மாட்டான்மா."

"காயலான் கடைக்காரரே தேவலாம் போல" என்றவள், சித்தி பையனுடைய கேஷ்பேக் வந்ததா என்று கேட்டாள். இன்னும் 61 நாள் இருக்கிறது. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாளாம்.