கிறிஸ்தவக் கோயில் இடிந்தால் அதன் ஞானஸ்நானத் தொட்டியை என்ன செய்வது: லியேஜ் வழியா, லண்டன் வழியா?

பெல்ஜியத்தின் லியேஜில் 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பித்தளை ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதன் கோயில் இடிபட, 1804ல் அதை மட்டும் புனித பர்த்தலமேயு ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். மூடி தொலைந்துவிட்டது, தாங்கி நின்ற 12 காளைகளில் 10தான் மிச்சம், ஆனாலும் யோர்தான் ஆற்றில் இயேசு முழுக்குப் பெறும் காட்சியைப் பார்த்தால் அலைகள்கூட அடுக்கடுக்காகத் தெரியும்.

லண்டனில் வேறு மாதிரி. 1666 பெருந்தீயில் சிதைந்த இடைக்காலக் கோயிலின் இடத்தில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் எழுப்பிய ஆல் ஹாலோஸ் லம்பார்ட் தெருக் கோயிலை 1930களின் கடைசியில் இடித்தபோது, கோபுரத்தையே கழற்றி லண்டனின் மேற்கிலுள்ள ட்விக்கன்ஹாமில் திரும்ப நிறுத்தினார்கள், பிரசங்க மேடையும் தொட்டியும் கூடவே போயின. செலவு அதிகம்தான், சரி. ஆனால் கோபுரம், மேடை என்று பழைய துணைகளோடு நிற்கிற லண்டன் தொட்டிக்குத்தான் என் ஓட்டு. கலைநயம் மட்டும் என்றால் லியேஜை அடிக்க ஆளில்லை.