எட்டு மாதமாக வண்டி எடுக்காமல்: குரோம்பேட்டையிலிருந்து அரும்பாக்கத்துக்கு மின்சார ரயிலும் மெட்ரோவும்

இது சென்னை மெட்ரோ ரயிலுக்கு மட்டும் எழுதும் விமர்சனம் இல்லை. வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதில் தொடங்கி அலுவலக நாற்காலியில் உட்காரும் வரைக்குமான மொத்தப் பயணத்தைப் பற்றியது. ஏன் என்றால், வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று தினமும் காலையில் நாம் முடிவு செய்வது அந்த மொத்தத்தையும் மனதில் வைத்துத்தான். ரயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்குப் போகும் வழியும் இறங்கிய பிறகு நடக்கும் வழியும் சரியில்லை என்றால் சாவி தானாகக் கைக்கு வந்துவிடும்.

ஒன்பது வருடம் ஸ்கூட்டரில்தான் போய்வந்தேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் 17 கிலோமீட்டர். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, பல்லாவரம், திரிசூலம், விமான நிலையம், மீனம்பாக்கம், கத்திப்பாரா, அங்கிருந்து 100 அடி சாலையில் ஈக்காட்டுத்தாங்கல், அசோக் பில்லர், வடபழனி, அரும்பாக்கம். இந்த வழியில் போகிறவர்களுக்கு எந்த இடத்தில் எந்த நேரத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று மனப்பாடமாகவே தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தைக்காகப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். மழை பெய்தால் அரை மணி நேரம். கிளாம்பாக்கத்துக்கு வெளியூர்ப் பேருந்துகளை மாற்றிய பிறகு ஜி.எஸ்.டி. சாலை காலியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன், காலை எட்டரை மணிக்கு என் பாதையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பேருந்து விட்ட இடத்தைக் காரும் பைக்கும் நிரப்பிக்கொண்டன.

நான் வண்டியை விட்டதற்குக் காரணம் கொள்கை எல்லாம் இல்லை, மணிக்கட்டு வலி. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து விட்டதில் வலது மணிக்கட்டு வீங்கி, இரவில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். சரி, ஆறு வாரம்தானே என்று ரயிலில் ஏறியவன் எட்டு மாதமாக இறங்கவில்லை.

இப்போது போகும் வழி இது. வீட்டிலிருந்து குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு 12 நிமிட நடை. அங்கே கடற்கரை போகும் மின்சார ரயில், பரங்கிமலை வரை ஐந்தாவது நிறுத்தம், டிக்கெட் 5 ரூபாய். பரங்கிமலையில் மாறுவது எளிது, புறநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம், மேலே ஏற வேண்டியதுதான். பச்சை வழித்தடம் பரங்கிமலையில்தான் தொடங்குகிறது என்பதால் வண்டி காலியாக வந்து நிற்கும். காலை ஒன்பது மணிக்குக்கூட உட்கார இடம் கிடைக்கும், இதை நான் முதல் நாள் நம்பவே இல்லை. ஆலந்தூரில் பாதி வண்டி நிரம்பும், அசோக் நகருக்குள் நிற்கிற கூட்டம் வந்துவிடும். அரும்பாக்கத்துக்குக் கட்டணம் 30 ரூபாய், கைப்பேசியில் க்யூ.ஆர். டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் கழிவு, ஆக 24.

மின்சார ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த நகரத்தில் நெரிசலைக் குறைக்கும் வேலையை ஒரு தலைமுறைக்கும் மேலாக அதிகம் பேசப்படாமல் செய்துகொண்டிருப்பது அந்த ரயில்தான். மெட்ரோவுக்குக் கிடைக்கும் பெயரில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. காலையில் கூட்டம் இருக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், ஆனால் பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலை எப்படித் திணறினாலும் தண்டவாளத்துக்கு அது தெரியாது. 2025 ஏப்ரலிலிருந்து குளிர்சாதன மின்சார ரயிலும் சில நேரங்களில் ஓடுகிறது, அதில் குறைந்த கட்டணமே 35 ரூபாய் என்பதால் என் ஐந்து நிறுத்தத்துக்கு நான் ஏறுவதில்லை. செங்கல்பட்டு வரை போகிறவர்களுக்கு அது சரியான வண்டி.

பணக் கணக்கையும் உள்ளபடி சொல்கிறேன். இப்போது ஒரு நாளைக்குப் போக வர 58 ரூபாய் ஆகிறது. ஸ்கூட்டருக்கு, பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு, இந்த நெரிசலில் கிடைக்கும் மைலேஜுக்கு ஒரு நாளைக்கு 85 ரூபாய் வரை ஆனது. மிச்சம் மாதத்துக்கு அறுநூறு எழுநூறு ரூபாய், கூடவே சர்வீஸ் செலவு, டயர். இருக்கிறது, ஆனால் பணத்துக்காக மட்டும் யாரும் மாறிவிட மாட்டார்கள். வீட்டில் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் போகிறவர்கள் என்றால் கதையே வேறு, 2021-லிருந்து அவர்களுக்கு அதில் இலவசம். என் மனைவி பல்லாவரத்துக்குப் போக இப்போது வண்டி எடுப்பதே இல்லை.

நேரம்? இதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நேரம் குறையவில்லை. வண்டியிலும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், இதிலும் ஒரு மணி நேரம். வித்தியாசம் என்னவென்றால், வண்டியில் ஒரு நாள் 50 நிமிடம், மறுநாள் ஒன்றே கால் மணி, மழை நாளில் இரண்டு மணி. இதில் எட்டு மாதமும் 60, 62, 65 என்றுதான் வந்திருக்கிறது. காலை 8.10-க்குக் கிளம்பினால் ஒன்பதேகாலுக்குள் அலுவலகம் என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். இந்த உறுதி வந்த பிறகுதான், இத்தனை வருடம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எத்தனை காலைகளில் இருபது நிமிடம் முன்னதாக ஓடியிருக்கிறேன் என்று புரிந்தது. அந்த இருபது நிமிடம் இப்போது மகளுக்கு ஜடை பின்னிவிடும் நேரமாகியிருக்கிறது.

ஈக்காட்டுத்தாங்கல் தாண்டி அடையாற்றைக் கடந்து, மெட்ரோ 100 அடி சாலைக்கு மேலேயே போகும். ஜன்னல் ஓரத்தில் நின்றால் கீழே நான் ஒன்பது வருடம் நின்ற அதே சாலை. வடபழனிக்கு முன்னால் ஒரு காலையில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. சாலை முழுக்க பைக்குகள், ஒன்றோடு ஒன்று கைப்பிடி உரசிக்கொண்டு, நடுவில் ஒரு நகரப் பேருந்து, ஓட்டுநர் கை ஸ்டியரிங் மேல் சும்மா கிடக்கிறது. பேருந்துக்குள் எழுபது பேராவது இருப்பார்கள். அதைச் சுற்றி நின்ற பைக்குகளிலும் கார்களிலும் இருந்தவர்களை எண்ணினாலும் அவ்வளவுதான் வரும், ஆனால் அவர்கள் அடைத்திருந்த சாலை அதைப் போலப் பத்து மடங்கு. எழுபது பேரைச் சுமக்கும் பேருந்தும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் காரும் ஒரே வரிசையில் காத்திருப்பது எந்த வகையில் நியாயம்? சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கினால் பேருந்து நேரத்துக்கு வரும், நேரத்துக்கு வந்தால் ஆள் ஏறுவார்கள். மெட்ரோ கட்ட ஆகும் காலமும் காசும் இதற்கு வேண்டாம், பெயின்டும் கண்டிப்பும் போதும்.

நான்கு பெட்டி கொண்ட ஒரு மெட்ரோ ரயிலில் 1,276 பேர் போகலாம். அத்தனை பேரும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினால் கத்திப்பாரா என்ன ஆகும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திப்பாரா மேம்பாலம் 2008-இல் திறந்தபோது எல்லோரும் போல நானும் சந்தோஷப்பட்டேன், நல்ல மேம்பாலம்தான், சந்திப்பில் நிற்பது குறைந்தது. ஆனால் மேம்பாலம் ஒரு சந்திப்பின் கூட்டத்தை அடுத்த சந்திப்புக்கு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. 1973-இல் ஜெமினியில் முதல் மேம்பாலம் வந்ததிலிருந்து எத்தனையோ கட்டியாகிவிட்டது. இடம் கிடைத்தது என்று தெரிந்தால் இன்னும் நான்கு பேர் வண்டி வாங்குவார்கள். சிங்கப்பூரில் 1975-லேயே காலை நேரத்தில் நகர மையத்துக்குள் வரும் காருக்குக் கட்டணம் வைத்தார்கள், நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. இங்கே அதை இன்றைக்கே செய் என்று சொல்ல மாட்டேன், முதலில் ஏறிப் போகப் போதிய பேருந்தும் நடக்க நடைபாதையும் வேண்டும். ஆனால் சாலையோரத்தில் இலவசமாகக் காரை நிறுத்த விடுவதையாவது நிறுத்தலாம் இல்லையா.

இப்போது குறைக்கு வருகிறேன். நிலையத்திலிருந்து என் அலுவலகம் சுமார் 700 மீட்டர். முதல் நூறு மீட்டர் சரி. அப்புறம் உள்தெருவில் திரும்பினால் நடைபாதை என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. அதில் முதலில் ஒரு மின்சாரப் பெட்டி, அடுத்து ஒரு கடையின் ஜெனரேட்டர், அதற்கடுத்து வரிசையாக நிறுத்திய பைக்குகள். அதைத் தாண்டினால் மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்து, யாரோ நல்லவர் அதில் ஒரு வேப்பங்கிளையைச் செருகி, மேலே சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். நான் நடக்க ஆரம்பித்த மூன்றாவது மாதத்தில் வந்த கிளை அது. இலை எல்லாம் உதிர்ந்து, காய்ந்து, இப்போது வெறும் குச்சியாக நிற்கிறது, மூடி வரவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கியபோது அந்தக் குச்சிதான் பள்ளம் எங்கே என்று காட்டியது. ஒரு வயதானவர் கைத்தடியோடு அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டிகள் போகும் சாலையில் இறங்கி, பள்ளத்தைத் தாண்டி மறுபடி மேலே ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். என்னால் அதைச் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கை, என்னைப் பார்த்து மூன்று வாரம் மெட்ரோவில் வந்தார். நான்காவது வாரம் மறுபடி ஸ்கூட்டர். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "அண்ணா, ரயில்ல ஒரு பயமும் இல்ல. இறங்கி வீட்டுக்கு நடக்கிற அரை கிலோமீட்டர்தான், பாதித் தெரு இருட்டு. அதுக்காகவே வண்டி எடுத்துட்டு வரேன்" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய ரயிலில் ஏற வேண்டிய ஒரு ஆள், நான்கு விளக்குக் கம்பங்களுக்காக மறுபடி சாலைக்கு வந்துவிட்டார். இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம் வருகிறது, மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி எல்லாம் சேரும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டருக்கு நடைபாதையும் விளக்கும் சேர்த்துத்தான் திட்டம் என்று வைத்தால் ஒழிய பாதிப் பலன் கைக்கு வராது. நம்மால் முடியாத வேலையும் இல்லை, 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிக் காட்டினார்களே, இன்றைக்குக் குழந்தையைக் கை பிடித்து நடத்திப் போகலாம் அங்கே.

டிக்கெட் விஷயத்தில் முன்பு இருந்த தொல்லை குறைந்திருக்கிறது. ரயிலுக்கு ஒன்று, மெட்ரோவுக்கு ஒன்று, பேருந்துக்குச் சில்லறை என்று இருந்தது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்த பிறகு மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது, எந்தப் பேருந்து எங்கே வருகிறது என்பதும் தெரிகிறது. பேருந்திலேயே சுற்றுகிறவர்களுக்கு 1,000 ரூபாய் மாதச் சலுகைச் சீட்டு இருக்கிறது, குளிர்சாதனம் இல்லாத எந்த மாநகரப் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். நான் அடுத்து எதிர்பார்ப்பது ஒரே மாதச் சீட்டில் மூன்றும். ரயில், மெட்ரோ, பேருந்து எதில் ஏறினாலும் அதே சீட்டு என்று வந்துவிட்டால் எத்தனையோ பேர் யோசிக்காமல் மாறுவார்கள்.

மதிப்பெண் கேட்டால் மின்சார ரயிலுக்கு ஐந்துக்கு நான்கு, மெட்ரோவுக்கு நாலரை, இறங்கிய பிறகு நடக்கும் வழிக்கு ஒன்று. அந்த ஒன்றும் வேப்பங்கிளை வைத்தவருக்காக.

முயன்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு: திங்கட்கிழமை ஆரம்பிக்காதீர்கள், அன்றைக்கு மின்சார ரயிலில் கூட்டம் அதிகம், புதன் அல்லது வியாழன் நல்லது. பரங்கிமலையில் இறங்கி, பச்சைத் தடத்து வண்டியில் அங்கேயே ஏறுங்கள், இடம் கிடைக்கும். தோளில் மாட்டும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல் குறையும். அப்புறம் நடக்கத் தோதான செருப்பு, மழைக்காலம் என்றால் ஒரு சின்ன டார்ச்.