கிராஸ்மியர் ஜிஞ்சர்பிரெட் கடை: எதை வாங்கலாம், எந்த நாளில் போகலாம்

கேக் என்று நினைத்துக் கடித்தால் ஏமாற்றம். பிஸ்கட் என்று நினைத்தாலும் அப்படித்தான். கிராஸ்மியர் ஜிஞ்சர்பிரெட் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பண்டம். மேலே ரவை போல உதிரும் தூள். அடியில் பல்லில் ஒட்டி இழுக்கும் கெட்டியான பாகம். காரம் உடனே தெரியாது, விழுங்கிய பிறகுதான் தொண்டையில் ஏறும். இஞ்சி மரப்பா தின்று பழகிய நாக்குக்கு அது பெரிய காரமில்லை. இனிப்புதான் தூக்கல்.

கடை இருப்பது இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே உள்ள கிராஸ்மியர் என்ற கிராமத்தில். புனித ஆஸ்வால்டு தேவாலயத்தின் கல்லறைத் தோட்ட வாசலை ஒட்டிய சின்னக் கல்வீடு. 1630இல் ஊரார் காசு போட்டுப் பள்ளிக்கூடமாகக் கட்டியது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இதில் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிற்பாடு குடிவந்த சாரா நெல்சன் 1854இல் ஜிஞ்சர்பிரெட் சுட்டு, வாசலில் ஒரு மரக்கட்டையை மேசையாக வைத்து விற்கத் தொடங்கினார். வியாபாரம் பிடித்ததற்குக் கைப்பக்குவம் மட்டும் காரணமில்லை. 1847இல் விண்டர்மியர் வரை ரயில் வந்துவிட்டது. 1850இல் வேர்ட்ஸ்வொர்த் இறந்து பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அந்த ரயிலே வேண்டாம் என்று எழுதியவர் அவர். அவர் கல்லறையைப் பார்க்க அதே ரயிலில் வந்த கூட்டத்துக்குச் சாராவின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

உள்ளே நாலைந்து பேர் நின்றாலே கடை நிறைந்துவிடும், அதனால் வரிசை தெருவில்தான். கோடையில் நடுப்பகல் மோசம். கடை திறக்கும் நேரமோ சாயங்காலமோ நல்லது. மழையென்றால் குடை எடுத்துக்கொள்ளுங்கள், ஒதுங்க இடமில்லை. விற்பவர்கள் விக்டோரியா காலத்துத் தொப்பியும் வெள்ளை ஏப்ரனும் அணிந்திருப்பார்கள். முதலில் வேடிக்கையாகத் தெரியும். ஆனால் எத்தனை பொட்டலம் என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு போனால் வரிசை வேகமாகவே நகரும்.

முதல் தடவை ஆறு துண்டுப் பொட்டலம் போதும். ஒரு துண்டே இருவருக்குக் காணும், அவ்வளவு இனிப்பு. அதன் விலைக்குச் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பாக்கெட் இஞ்சி பிஸ்கட் வாங்கிவிடலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றித் தருவது காகிதத்தில், எனவே காற்றுப் புகும். வீட்டுக்கு வந்ததும் மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றுங்கள். வேறு பிஸ்கட்டோடு சேர்த்துப் போட்டால் எல்லாமே இஞ்சி மணக்கும். முதுகுப் பையின் அடியில் போட்டு மலையேறுகிறவர்கள் கடைசியில் தூளைத்தான் தின்கிறார்கள். பையின் மேல்பக்கம், தட்டையாக வைக்கவேண்டும். உடைந்தாலும் வீணில்லை, தூளை ஐஸ்கிரீம் மேல் தூவலாம். முட்டை, பால் சேர்க்காதவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்கட்டும்.

ரம் வெண்ணெயையும் தவறவிட வேண்டாம். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ரம், கொஞ்சம் மசாலா சேர்ந்த கெட்டிப் பதார்த்தம். குழந்தை பிறந்த வீட்டில் வருகிறவர்களுக்கு இதைக் கொடுப்பது பக்கத்துக் கம்பர்லாந்துப் பகுதியின் வழக்கம். ஜிஞ்சர்பிரெட்டை இளஞ்சூடாக்கி மேலே மெல்லிசாகத் தடவினால், அடிப்பாகம் இளகி இரண்டும் ஒன்றாகிவிடும். ரம் உண்டு என்பதைக் குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் நினைவில் வையுங்கள். குளிர்மலை ஊரில் இஞ்சியும் ரம்மும் எப்படி வந்தன என்று கேட்டால், மேற்குக் கரையிலுள்ள வைட்ஹேவன் துறைமுகம்தான் பதில். 18ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த வணிகத்தில் வந்திறங்கிய சரக்கு. அந்தச் சர்க்கரையும் ரம்மும் அங்கே அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை.

ரகசியச் செய்முறை என்ற விளம்பரத்தை மட்டும் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம். சாராவுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஊரில் ஜிஞ்சர்பிரெட் விற்றிருக்கிறது. 1803 ஜனவரியில், கடுங்குளிர் நாளொன்றில் அண்ணனுக்கு ஆசை வந்ததென்று கவிஞரின் தங்கை டோரதி வேர்ட்ஸ்வொர்த், கண் தெரியாத ஒரு முதியவரின் வீட்டுக்குப் போய் ஆறு பென்னிக்கு வாங்கியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தடித்த வகை இருக்கிறதா என்று கேட்டாராம், இல்லை. வீட்டிலேயே சுடப்போகிறோம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கி வந்தாராம். பண்டம் ஊருடையது, சாராவுடையது பக்குவம்.

ஊருடையது என்பது நன்றாகத் தெரிகிற நாள் ஒன்று உண்டு. தேவாலயத்தின் தரை ஒரு காலத்தில் வெறும் மண். கோரை பரப்பிக் குளிரையும் நாற்றத்தையும் சமாளித்தார்கள், ஆண்டுக்கொரு முறை பழையதை வாரிவிட்டுப் புதிது போட்டார்கள். 1840களில் கல் பாவியபின் தேவை போய்விட்டது, சடங்கு மட்டும் தொடர்கிறது. இப்போது ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆறு சிறுமிகள் கோரை நிறைந்த லினன் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடக்க, மற்றப் பிள்ளைகள் கோரையும் பூவும் வைத்துக் கட்டிய யாழ், பாம்பு, பைபிள் கதையில் நாணலுக்குள் விடப்பட்ட குழந்தை மோசே போன்ற உருவங்களைத் தூக்கிவர, பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போகும். தூக்கிவந்த பிள்ளைகளுக்குக் கூலி ஜிஞ்சர்பிரெட். தேதி ஆண்டுதோறும் மாறும், தேவாலய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு ஒருநாள் ஒதுக்கமுடியுமென்றால் அந்தச் சனிக்கிழமையைத்தான் ஒதுக்கச் சொல்வோம். ஊர்வலம் கிளம்புமுன்பே பொட்டலத்தை வாங்கிவிடுங்கள், பிறகு தெருவில் நகரமுடியாது.

கடைக்காக மட்டும் போகிறவர்கள் தவிர்க்கவேண்டிய நாள், ஆகஸ்ட் வங்கி விடுமுறைக்கு (மாதத்தின் கடைசித் திங்களன்று வரும் பொது விடுமுறை) முந்தைய ஞாயிறு. அன்று கிராஸ்மியர் விளையாட்டுப் போட்டி. செங்குத்தான மலைமேல் ஏறி இறங்கும் ஓட்டம். சோம்பு எண்ணெய் மணக்க இழுத்துச் சென்ற தடத்தை மோப்பம் பிடித்து ஓடும் நாய்ப்பந்தயம். எதிராளியின் தோளில் மோவாயை வைத்து முதுகுக்குப் பின்னால் கை கோத்துக்கொண்டே மோதும் மற்போர். கோத்த கை விட்டுப்போனாலும் தோல்விதான். பார்க்க அருமை, ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

காரில்லாதவர்கள் விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து 555 பேருந்தில் ஆம்பிள்சைடு வழியாக வரலாம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேர அட்டவணை வேறு. திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்துவிட்டு, அப்புறம் வரிசையில் நில்லுங்கள்.