வெப்பமண்டல நகரத்துக்குக் குடிபெயர்கிறவர்களே, சரக்கு நிறுவனம் சொல்வதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்

வேலை மாற்றலாகி வெப்பமண்டல நகரம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போக இருக்கிறவர்கள், எந்த நிறுவனத்துக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சாமான்களைக் கப்பலேற்றிய நிறுவனம் எங்களைப் படுத்திய பாட்டை விவரமாக எழுதுகிறேன். உடைந்தது, காணாமல் போனது என்ற வழக்கமான புகார் அல்ல இது. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்ற முடிவிலேயே எங்களை ஏமாற்றினார்கள். மற்ற நஷ்டங்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

"சூடும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்குக் குடிபெயர்வோருக்குத் தனி ஆலோசனை" என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். அதை நம்பித்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டைப் பார்வையிட வந்தவர் அறை அறையாக நடந்தார். தோல் சோபா, அழுத்தப் பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகை) செய்த அலமாரிகள், புத்தகங்கள், கம்பளிக் கோட்டுகள், என் கணவரின் கேமரா லென்சுகள், துணி துவைக்கும் இயந்திரம் என்று எதைக் காட்டினாலும் "கொண்டுபோங்கள்" என்றார். "மேடம், அங்கே எல்லாம் யானை விலை குதிரை விலை. இருப்பதை எடுத்துப் போவதுதான் லாபம்." தோலும் மரமும் அந்த ஈரத்தைத் தாங்குமா என்று நேரடியாகவே கேட்டேன். "காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிவிடுவோம், ஒரு சொட்டு ஈரம் படாது" என்றார். இதையே மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்றேன். ஒவ்வொரு முறையும் பதில் தொலைபேசியில்தான் வந்தது. எழுத்தில் ஒரு வரி வரவில்லை.

கப்பல் வழியாகப் போகும் வீட்டுச் சாமானுக்குக் கட்டணம் எடையை வைத்து அல்ல, கன அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் என்றால் ஒரு கன மீட்டர். இருபது அடி கன்டெய்னரின் உட்கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர், நாற்பது அடிக்கு ஏறக்குறைய 67. ஒரு சோபாவை நீங்கள் விட்டுப்போனால் அந்த நிறுவனத்துக்கு இரண்டு, மூன்று கன மீட்டர் வருமானம் போகிறது. அப்படிப்பட்டவரின் வாயிலிருந்து "இது வேண்டாம், விற்றுவிடுங்கள்" என்ற சொல் எப்படி வரும்? ஆலோசனை என்ற பெயரில் அவர்கள் விற்பது இடத்தைத்தான். நீங்கள் எந்த நிறுவனத்தை அமர்த்தினாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும் நாளில் ஏமாற்று அடுத்த கட்டத்துக்குப் போனது. என் கண்ணெதிரே ஒரே ஒரு விளக்குக் குடையை ஒரு முழு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மீதி இடம் முழுக்கக் கசக்கிய தாளைத் திணித்தார்கள். தலையணைகளுக்கு ஒரு பெரிய பெட்டி. குழந்தையின் சைக்கிளைக் கழற்றாமல், கைப்பிடி விரிந்திருந்த அகலத்துக்கே அட்டையால் சுற்றி, அந்த அகலத்தையே அளவாக எழுதினார்கள். லாரி நிறைந்த பிறகு மேற்பார்வையாளர் புது அளவை நீட்டினார். ஒப்பந்தத்தில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அன்று மாலை வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும், மறுநாள் விமானம். "கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாவற்றையும் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறோம்" என்றார். இந்த நெருக்கடி தற்செயலாக வருவதில்லை. சாவி ஒப்படைக்கும் நாளையும் விமான நாளையும் அவர்கள் முதலிலேயே நம்மிடம் கேட்டு எழுதி வைத்திருப்பார்கள். ஆகவே பெட்டி கட்டும் நாளுக்கும் பயண நாளுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விடுங்கள். "கன அளவு கூடினாலும் கட்டணம் இதற்கு மேல் போகாது" என்ற உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மறுக்கிற நிறுவனத்துக்கு உங்கள் சாமான் போகவே கூடாது.

முழுக் கன்டெய்னர் அளவுக்குச் சாமான் இல்லாதவர்களுடையதைப் பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்புவார்கள். மற்றவர்களின் சாமான் வந்து கன்டெய்னர் நிறையும் வரை உங்களுடையது கிடங்கில் காத்துக் கிடக்கும். இதையும் எங்களிடம் சொல்லவில்லை. மழைக்காலம் முழுவதும் எங்கள் பெட்டிகள் ஏதோ ஒரு கொட்டகையில் கிடந்தன.

கப்பல் போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர் முகவரிடமிருந்து ஒரு பில் வந்தது. துறைமுகக் கையாளும் கட்டணம், கன்டெய்னரிலிருந்து பிரித்து இறக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை. "வாசல் வரை" என்றுதானே பேசினோம் என்று கேட்டால், வாசல் வரை கொண்டுவருவது உண்மைதான், இவை அதில் அடங்காது என்றார்கள். சரக்கை விடுவிக்கத் தேவையான பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ஆவணம் அவர்களிடம் இருந்தது. பணம் கட்டாமல் அது நம் கைக்கு வராது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறும்.

அதற்கும் மேல் ஒரு மரச்சட்டப் பிரச்சினை. கண்ணாடிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பச்சை மரத்தில் சட்டம் அடித்து அனுப்பியிருந்தார்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளின் வழியாகப் பூச்சி பரவாமல் இருக்க ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி 2002 முதல் இருக்கிறது. மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நீடித்திருக்க வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட புகையூட்டலோ வேறு முறையோ செய்திருக்க வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரையும் நாட்டின் குறியீடும் மரத்தில் பதிந்திருக்கும். எங்கள் சட்டத்தில் எந்த முத்திரையும் இல்லை. தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள், செலவு எங்கள் தலையில் விழுந்தது. இந்தத் தொழிலையே செய்கிறவர்களுக்கு இந்த விதி தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். முத்திரை பதித்த மரம் விலை கூடுதல், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் மரச்சட்டம் அடித்தால், ஏற்றுவதற்கு முன் அந்த முத்திரையைத் தேடிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சாமான்கள் வீட்டுக்கு வந்தன. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் ஒரு புழுங்கல் வாடை அறை முழுக்கப் பரவியது. பழுப்புத் தோல் முழுவதும் பச்சையும் சாம்பலும் கலந்த பூசணம். தையல் ஓரங்களில் அது பஞ்சு போலத் திரண்டிருந்தது. துடைத்தால் கறை நின்றது. மறுவாரம் மறுபடி பூத்தது. காற்றுப் புகாமல் சுற்றுகிறோம் என்று பெருமையாகச் சொன்னார்களே, அதுதான் காரணம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம்தான் தாங்கும், மீதி நீராகிவிடும். பகலில் வெயிலில் கன்டெய்னரின் கூரை கொதிக்கும்போது மரத்திலும் அட்டையிலும் துணியிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. இரவில் கூரை குளிர்ந்ததும் அது சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. கப்பல் தொழிலில் இதைக் கன்டெய்னர் மழை என்பார்கள். இறுகச் சுற்றிய பிளாஸ்டிக்குக்குள்ளும் இதே கதைதான். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. இதைத் தடுக்கக் கன்டெய்னரில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பைகள் உண்டு. எங்கள் பில்லில் அதற்கும் ஒரு கட்டணம் இருந்தது. இறக்கிய ஆட்களைக் கேட்டேன். ஒரு பையைக்கூடப் பார்க்கவில்லை என்றார்கள்.

அழுத்தப் பலகை அலமாரிகளின் அடிப்பாகம் உப்பிவிட்டது. அந்தப் பலகை ஒருமுறை நீர் குடித்து உப்பினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. ஒரு லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி நூலிழைகள். அந்தப் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். நான் இரண்டே முறை போட்ட நடைப்பயிற்சி ஷூவின் அடிப்பாகம் கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற பொருள் ஈரத்திலும் வெப்பத்திலும் தானாகவே சிதைவது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாலும் தப்பாது. செயற்கைத் தோல் பைகள் உரிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதையும் இதே நிறுவனம்தான் விற்றது, "முழுப் பாதுகாப்பு" என்ற பெயரில். கடல் சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் புழங்கும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் என்ற நிபந்தனைத் தொகுப்பின் மிக விரிவான 'ஏ' வகையிலேயே, பொருளின் இயல்பினால் வரும் கேடும் தாமதத்தால் வரும் நஷ்டமும் விலக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பாலிசியில் பூசணமும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் புகுந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே இழப்பீடு. பாலிசியின் முழு வாசகம் எங்களுக்குக் கிடைத்தது கப்பல் புறப்பட்ட பிறகு. கேட்டுக் கேட்டும் அதற்கு முன்னால் அனுப்பவில்லை. ஈரமான நாட்டுக்குப் போகிறவருக்குப் பூசணத்தை விலக்கிய காப்பீட்டை முழுப் பாதுகாப்பு என்று விற்பது பச்சை மோசடி. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இனி, எதை எடுத்துப் போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு, அங்கே வாழ்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காற்றில் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூசணம் வளரத் தொடங்கும். வெப்பமண்டலக் கடற்கரை நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். ஏசி ஓடும்போது மட்டும்தான் அறை உலரும். ஆகையால் தோல், கம்பளி, அழுத்தப் பலகை மூன்றையும் விற்றுவிடுங்கள், அல்லது உறவினரிடம் விட்டுப் போங்கள். பருத்தி, லினன் உடைகளும் சீக்கிரம் காயும் துணிகளும் எவ்வளவு இருந்தாலும் பயன்படும். ஆனால் இரண்டு மெல்லிய ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும், அலுவலகத்திலும் பேருந்திலும் ஏசி குளிர் எலும்பைத் தொடும். காலணி அளவு வழக்கத்தைவிடப் பெரியதாக இருப்பவர்கள் தேவையானதை வாங்கிப் போவது நல்லது. பல நகரங்களில் வாடகை வீடே கட்டில், மேசை, அலமாரியோடு கிடைக்கிறது. முதலில் அதை விசாரியுங்கள்.

மின்சாதனங்களின் பின்னால் ஒட்டியிருக்கும் வில்லையைப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். சூடாக்கும் சாதனங்களும் மோட்டார் ஓடும் சாதனங்களும் பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை. எங்கள் துணி துவைக்கும் இயந்திரம் அப்படிப்பட்டது. அதை ஏற்றுவதற்கு முன் யாராவது அந்த வில்லையைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆலோசனைக் கட்டணம் வாங்கியவர் பார்க்கவில்லை.

மருந்துகளை அசல் உறையோடும், மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கையிலேயே வையுங்கள். சில நாடுகளில் சாதாரண வலி மாத்திரைக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. புகைப்பட ஆல்பங்களைப் படமெடுத்துச் சேமித்துவிட்டு அசலை விட்டுப் போங்கள். லென்சு கொண்டுபோனால், ஈரப்பதத்தை 40, 50 விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டி ஒன்று தேவை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அவை நிறைந்ததும் சூடாக்கி உலர்த்தினால்தான் மறுபடி உறிஞ்சும்.

நிறுவனம் சொல்லும் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். வீட்டுச் சாமான் இடமாற்றத் தொழிலுக்கு ஃபிடி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 1950 முதல் இருக்கிறது. உறுப்பினர்கள் ஃபெய்ம் என்ற தரச்சான்றுக்கு உட்பட வேண்டும். எங்களிடம் வந்தவர்களின் காகிதத்தில் ஓர் அங்கீகார முத்திரை பளிச்சென்று இருந்தது. பிறகு அந்த அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் தேடியபோது இவர்கள் பெயரே இல்லை. முத்திரையைப் பார்த்து நம்பாமல் அந்தப் பட்டியலையே பாருங்கள். பாலிசியின் முழு வாசகம் கையில் வரும் வரை ஒரு பெட்டியையும் ஏற்ற விடாதீர்கள். சாமான் இறங்கும் நாளில், "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று முன்கூட்டியே அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திடும் முன் "பெட்டிகள் பிரிக்கப்படவில்லை, சேதம் பின்னர் தெரிவிக்கப்படும்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். நான் அப்படி எழுதியதால்தான் எங்கள் புகார் இன்னும் உயிரோடு இருக்கிறது.