பழைய கார்: செலவழித்து ஓட்டுவதா, மாற்றிவிடுவதா?

மெக்கானிக் தரும் மதிப்பீட்டைப் பார்த்ததும் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான்: வண்டியை விற்றால் என்ன கிடைக்கும், பழுதுபார்க்க எவ்வளவு ஆகும்? செலவு பாதி விலையைத் தாண்டினால் தள்ளிவிடு என்று அறிவுரையும் வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. சந்தை விலை விற்கிறவருக்குத்தான் முக்கியம். தொடர்ந்து ஓட்டப்போகிறவர், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இந்த வண்டிக்கு என்ன ஆகும், வேறு வண்டிக்கு என்ன ஆகும் என்றல்லவா பார்க்க வேண்டும்?

புதிய காரென்றால் மாதத் தவணையோடு முடிவதில்லை. வட்டி, கூடுதல் காப்பீடு, பதிவுச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேய்மானம். முதல் ஆண்டிலேயே மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் கரைவது சாதாரணம். அதற்கு யாரும் பில் தருவதில்லை என்பதால் உறைப்பதில்லை. பழைய காரின் செலவு பில்லாகவே வருவதால் பூதாகரமாகத் தெரிகிறது. அதன் விலையோ விழவேண்டிய அளவு ஏற்கெனவே விழுந்துவிட்டது.

டயர், பிரேக் பேட், பேட்டரி, கிளட்ச் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை. புதிய காருக்கும் ஒருநாள் இதே செலவுதான். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படியே. பல எஞ்சின்களில் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி, சிறிய வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

என்னை யோசிக்க வைப்பவை இரண்டு. முதலாவது, ஹெட் கேஸ்கட் பழுதாவது; எஞ்சினின் உடலுக்கும் மேலே மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு அது. எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி போலக் கொழகொழப்பு, கசிவே தெரியாமல் குறையும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), எஞ்சின் சூடான பிறகும் ஓயாத வெள்ளைப் புகை மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. (மூடியில் மட்டும் படிந்திருந்தால், குளிர்நாளில் குறைந்த தூரமே ஓடியதால் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம்.) கேஸ்கட்டின் விலை சொற்பம், கூலிதான் கடிக்கும். சிலிண்டர் ஹெட் வளையாமல், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையிலும் எஞ்சின் தேறினால் நான் செலவழிப்பேன்.

இரண்டாவது துரு. கதவில் பிடித்த துரு கண்ணுக்குத்தான் உறுத்தல். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியில் பாருங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா? அத்தோடு பேச்சு முடிந்தது, மாற்றிவிடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக், வழுக்கும்போது வண்டியை நேர்ப்படுத்தும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு போன்றவையும் புதிய காருக்குச் சாதகம். எந்தப் பணிமனையிலும் அவற்றைப் பழைய வண்டியில் எளிதில் சேர்த்துவிட முடியாது.

“போன வருடம்தானே கியர்பாக்ஸுக்கு அவ்வளவு கொட்டினோம்” என்பது வண்டியை வைத்துக்கொள்ளக் காரணமாகாது. அந்தக் கியர்பாக்ஸ் இன்று நன்றாக உழைக்கிறது என்பது காரணமாகும்.

இடைவழியாக, சற்றே வயது குறைந்த செகண்ட் ஹேண்ட் காரைப் பலர் நாடுகிறார்கள். தேய்மானத்தின் பெரும்பகுதியை முந்தைய உரிமையாளர் சுமந்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் என் காரின் குறைகள் எனக்குத் தெரியும், அதன் குறைகள் தெரியாது. சர்வீஸ் பதிவுகள் முழுமையாக இல்லையென்றால், கேட்கும் விலையோடு ஒரு டைமிங் பெல்ட், நான்கு டயர் செலவையும் கூட்டிய பிறகே மெக்கானிக்கின் பில்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.