கேம்பர் வேன் மேல் அலமாரி: இரண்டு மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறப்போட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், அதனால் இன்றைக்கே. என் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, தொங்கிய அலமாரியைத் தொங்கியபடியே திருப்பித் தந்திருக்கிறது ஒரு பட்டறை. கூடவே கூரையில் ஓட்டையும்.

பெயர் போடப் போவதில்லை. சரக்கு வேனுக்குள் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் அமைத்துக் கேம்பராக மாற்றித் தரும் இடம். அவர்களைப் பிடித்துத் தந்தது, வேலைக்கு ஆள் தேடித் தரும் ஒரு செயலி.

படுக்கைக்கு மேலே இருக்கும் அலமாரி, சுவரோடு சேரும் மேல் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்து, முன்பக்கம் சரிந்திருந்தது. கதவுகள் உரசின. இந்த வகை அலமாரிக்கு அடியில் தாங்க ஒன்றும் கிடையாது. மொத்த பாரமும் பின்பக்கத்து மேல் வரிசை ஸ்க்ரூக்களை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், வண்டி குலுங்கும்போது இன்னும் அதிகமாக. அந்த ஸ்க்ரூக்கள் பிடித்திருப்பது சுவர் பிளைவுட்டுக்குப் பின்னால் உள்ள ரீப்பரை, அதாவது மரச்சட்டத்தை. கூரை மூட்டு வழியாகவோ கூரை ஜன்னல் ஓரமாகவோ தண்ணீர் இறங்கி ரீப்பர் ஊறிப்போனால், ஸ்க்ரூவுக்குப் பிடியே இல்லை. ஆக, அலமாரி தொங்கினால் முதலில் தேட வேண்டியது தண்ணீரை.

இதை எனக்கு விளக்கியதே அந்தப் பட்டறைக்காரர்தான்!

மனிதர் வந்ததும் பணம் பேசவில்லை. அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். உள்ளே டார்ச் அடித்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மந்தமானதும் நின்று, மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைக் குத்திக் காட்டினார். 30 சதவீதத்தைத் தாண்டியது. "20க்கு மேல போனாலே சந்தேகப்படணும் சார். இந்தக் கட்டை போயிடுச்சு" என்றார். கசிவை அடைத்து, ரீப்பரை மாற்றி, வேனின் இரும்புச் சட்டத்திலேயே ரிவெட் நட் (தகட்டுத் துளையில் இறுக்கிப் பொருத்தும் நட்) வைத்து, போல்ட்டும் அகல வாஷரும் போட்டு முறுக்கித் தருவதாகச் சொன்னார். வைத்தியம் கச்சிதமாக இருந்தது, அதைச் சொன்ன விதம் அதைவிடக் கச்சிதம். நம்பாமல் என்ன செய்வது? பொருள் வாங்க வேண்டும் என்று முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்டார். இரண்டு மாதச் சம்பளம். கொடுத்தேன்.

வண்டி கைக்கு வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் இடைவெளியை மறைக்கும் புது பீடிங் பட்டை, அதன்மேல் வெள்ளை சிலிக்கான் கோடு. சாவி தர வேண்டுமானால் செயலியில் 'வேலை முடிந்தது' என்பதை அழுத்த வேண்டுமாம். அழுத்த வைத்தார்கள்.

முதல் நீண்ட பயணத்திலேயே இடைவெளி திரும்ப வந்தது. மழை பெய்ததும் உள்ளே இருந்த துணியெல்லாம் ஈரம். பீடிங்கைப் பெயர்த்துப் பார்த்தேன். ரீப்பர் மாற்றப்படவே இல்லை. கறுத்துப்போய், கிள்ளினால் உதிரும் அதே பழைய கட்டை. இடைவெளியில் ஃபோம் நுரையை அடித்து அடைத்திருக்கிறார்கள். ரிவெட் நட் ஒன்றுகூடக் கிடையாது. கட்டையில் பிடிக்கவில்லை என்று நீள ஸ்க்ரூக்களை ஏற்றியதில், சில கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. மேலே ஏறிப் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிலிக்கான் உருண்டை. அதாவது ஓட்டை விழுந்தது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே மூடிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அலமாரிக்கு நேர் கீழேதான் நாங்கள் தலைவைத்துப் படுக்கிறோம்.

போன் செய்தால் முதலில், "மரம்னா கொஞ்சம் விலகத்தான் செய்யும்." அப்புறம், "பாரம் அதிகமா வெச்சிருப்பீங்க." துணி ஐயா, வெறும் துணி! படம் அனுப்பியதும் மாஸ்டர் வெளியூர் போய்விட்டார். அடுத்த முறை எடுத்த பையனுக்கு என் வண்டியே நினைவில்லை. இப்போது செய்தியைப் படிக்கிறார்கள், பதில் மட்டும் வருவதில்லை. செயலிக்காரர்கள் மரியாதையாகக் கைகழுவினார்கள்: வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்துவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள். இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்!

எப்படிச் சரிசெய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

தொங்குவது தெரிந்ததும் அலமாரியைக் காலி செய்து, அடியில் முட்டுக் கொடுங்கள். கசிவை அடைக்கும்வரை திரும்ப மாட்ட விடாதீர்கள். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானை இரும்புத் தகட்டில் பூச விடாதீர்கள், துருப்பிடிக்கும். மூடுவதற்கு முன் உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கழற்றிய பழைய கட்டையைக் கேட்டு வாங்குங்கள். கூரைமேல் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். முழுப் பணமும் முதலிலேயே வேண்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கையில் ஈரமானி இருக்கிறதே என்று யாரையும் நம்பிவிடாதீர்கள், அது காசு கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும்.