தக்கலைப் பழம்பொருள் கடை: சாடியின் அடியை வாசிக்கத் தெரிந்தவர்

குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது செம்பையும் பித்தளையையும் எடை போட்டு வாங்க ஆள் வருகிறது. தேக்குக்கும் ஆஞ்சிலிக்கும் போட்டியே நடக்கிறது. அறப்புரையில், அதாவது தானியமும் சாமானும் வைக்கும் அறையில், கிடக்கும் பீங்கானுக்கு மட்டும் எவரும் விலை சொல்வதில்லை. அது பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகிறது அல்லது உடைகிறது. தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் வழியில் உள்ள இந்தக் கடை, அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும் மலையோர ரப்பர் தோட்ட பங்களாக்களிலிருந்தும் பீங்கான் பொருட்களை மொத்தமாக எடுத்து விற்கிறது. சிறு கட்டணத்துக்கு, நாம் கொண்டுபோகும் சாடியைப் பார்த்து அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்றும் சொல்கிறார்கள். விற்பனை, அடையாளம் காணுதல், விலை மதிப்பீடு ஆகிய மூன்றும் இங்கே ஒரே தரத்தில் இல்லை என்பதால் தனித்தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கடையின் முன்பகுதி முழுக்க ஊறுகாய்ப் பரணிகள். அரண்மனையில் சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் பெரிய பரணிகளைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருபவர்களுக்கு, பழுப்பு நிறத்தில் பெரிதாக இருப்பதெல்லாம் சீனத்துப் பொருளாகவே தோன்றும். கடைக்காரர் நினைத்தால் அந்த மயக்கத்தைக் காசாக்கலாம். அவர் அதைச் செய்வதில்லை. மேலே பழுப்பும் கீழே வெளிர்மஞ்சளுமான பரணிகள் இந்தியத் தொழிற்சாலைகளின் சமையலறைச் சாமான்கள்தாம் என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்.

உண்மையான சரக்கு உள்ளறை அலமாரியில் இருக்கிறது. ஒரு தோட்ட பங்களாவிலிருந்து வந்த, ஒரு சாண் உயரமுள்ள உப்புமெருகுப் பூச்சாடி ஒன்றை அங்கே பார்த்தேன். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல நுண்ணிய குழிகளுடன் இருந்தது. சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உப்பை வீசினால் அதன் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து உண்டாக்கும் மெருகு அது. “மொதல்ல அடியத் திருப்பிப் பாருங்க அண்ணாச்சி, அழகெல்லாம் பொறவு பாக்கலாம்” என்று அவரே கவிழ்த்துக் காட்டினார். கிரீடத்தின்மேல் சிங்கம் நிற்கும், டௌல்டன் என்ற ஆங்கிலப் பீங்கான் நிறுவனத்தின் முத்திரை அழுத்தமாக இருந்தது. 1901-இல் கிடைத்த அரச அனுமதிக்குப் பின், 1902 முதல் அந்த நிறுவனம் இட்ட முத்திரை அது; லண்டன் லாம்பெத் பட்டறையோ 1956-இல் மூடப்பட்டது. ஆக, காலத்தின் இரு எல்லைகளும் கிடைத்துவிடுகின்றன. பக்கத்தில் ஈரக்களிமண்ணில் கீறிய இரண்டெழுத்து, அலங்கரித்த கலைஞரின் அடையாளம். ஒரே பட்டறையின் இரண்டு சாடிகளுக்கு இடையே விலை பல மடங்கு வேறுபடுவதற்கு இந்தக் கீறலே பெரும்பாலும் காரணம்.

பழுதைக் கண்டுபிடிப்பதில் அவரிடம் குறை காண முடியவில்லை. விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்கிறார். கணீரென்றால் சரி, மந்தமாக ஒலித்தால் எங்கோ மயிரிழை விரிசல். பிறகு அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைக் காட்டினார். விளிம்பில் ஒரு நகம் அளவு இடம் மட்டும் வேறு நிறமாக ஒளிர்ந்தது. பிசினால் நிரப்பி மேலே சாயம் பூசிய இடம் அது. பகல் வெளிச்சத்தில் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தன் சரக்கின் குறையைத் தானே இப்படிக் காட்டும் வியாபாரிகளை இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியும் கேட்கலாம். அமெரிக்காவில், காலமானவர்களின் வீட்டுச் சாமான்களை விற்கும் இடங்களில் என் அத்தான் எடுத்த படங்களை அனுப்பினேன். ஒரு சாடியின் அடியில், திருப்பி எழுதிய ‘ஆர்’ எழுத்தும் ‘பி’யும் ஒட்டி நிற்க, சுற்றிலும் பதினான்கு தீச்சுடர்கள், கீழே ரோமன் எண்ணில் ஏழு. சின்சினாட்டி ரூக்வுட் பட்டறை 1887 முதல் ஆண்டுக்கொரு சுடராகச் சேர்த்து 1900-இல் பதினான்கில் நிறுத்தி, அதன்பின் ரோமன் எண்ணுக்கு மாறியது. எனவே இது 1907 என்று சரியாகச் சொன்னார். ரோஸ்வில் என்ற அமெரிக்கப் பீங்கான் நிறுவனத்தின் பெயர் புடைப்பாக இருந்த இன்னொன்றைச் சந்தேகித்தார். அந்த வார்ப்பில் 1940-களில் செய்த அசல்களில் பெயரோடு ‘யு.எஸ்.ஏ.’ என்றும் இருக்கும். சீனாவிலிருந்து 1990-களில் வந்த நகல்கள் பலவற்றில் அந்த எழுத்துகள் இல்லை.

மதிப்பீட்டில்தான் கடை சறுக்குகிறது. இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையை ரூபாயாக்கி அட்டையில் எழுதிவிடுகிறார்கள். கேட்பவர் எதையும் கேட்கலாம். ஏலத்தில் உண்மையில் கைமாறிய தொகையே மதிப்பு, அதிலும் விளிம்பு பழுதுபார்த்த சாடிக்குக் கணிசமாகக் குறைத்தாக வேண்டும். பழுதைக் கண்ணெதிரே காட்டியவரே, பழுதில்லாத சாடியின் விலையைச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. டௌல்டன் சாடிக்கு அட்டையில் பதினெட்டாயிரம். பேசிப் பதினோராயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

இந்தியக் கலைப்பீங்கான் விஷயத்தில் நிலைமை தலைகீழ். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1870-களில் ஜார்ஜ் டெர்ரியின் மேற்பார்வையில் தொடங்கி, சிந்துப் பகுதிக் குயவர் மரபையும் அஜந்தா ஓவியங்களையும் தழுவிச் செய்த பாண்டங்களை இன்று வெளிநாட்டு ஏலங்களில் தேடி வாங்குகிறார்கள். அந்தப் பள்ளியின் பெயர் கீறப்பட்ட சிறு குடம் ஒன்று இங்கே கீழ்த்தட்டில், ஜப்பான் தேநீர்க் கோப்பைகளோடு கோப்பையாகக் கிடந்தது. வாங்குபவருக்கு இது லாபம்தான். விற்பவரோ, தம் வீட்டுச் சாடியை இவர் சொல்லும் விலைக்குக் கொடுப்பதற்குமுன் இன்னொரு இடத்திலும் கேட்பது நல்லது.

ரசீதில் ‘பழைய பூச்சாடி 1’ என்று மட்டுமே எழுதுகிறார்கள். முத்திரை, பழுது, உத்தேசக் காலம் மூன்றையும் எழுதச் சொன்னால் மறுப்பதில்லை. வெளிநாட்டு உறவினருக்காக வாங்குவோருக்கு அந்தக் காலக் குறிப்பு கட்டாயம் தேவை. ஏனென்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. கடையில் இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.